சுத்தி செய்த கிழங்கு

மார்ச் 4

அக்கா,

என் மருந்துக்கூடத்துக்கு நீ சீல் வைத்துவிட்டுப் போன பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. மூன்று வருடமாக மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு இருந்தவன் காரியம் என்றதும் வந்து நிற்கிறான் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். காரியம்தான்.

முந்தாநாள் இந்த நாட்டிலும் என் கூடத்துக்குச் சீல் வைத்துவிட்டார்கள். அதே சிவப்பு அரக்கு, அதே துணிப்பட்டை. இந்த ஆய்வாளர் எனக்கு அக்கா இல்லை என்பதால் சண்டை போடக்கூட முடியவில்லை. போனையும் வாங்கிக்கொண்டார்கள், அதனால்தான் கூரியர்.

எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் ஒரு பஸ் டிரைவர் குடியிருக்கிறார். முழங்கால் வலிக்கு ரொம்ப நாளாக என் நாபிக் கிழங்கு மாத்திரைதான் சாப்பிடுகிறார். புது டப்பாவைத் திறந்து சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனவருக்கு முதலில் உதடு மரத்திருக்கிறது, பிறகு கை, பிறகு நெஞ்சு தாறுமாறாக அடிக்க ஆரம்பித்திருக்கிறது. நல்லவேளை, பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தது. ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டார். இன்னும் கண் திறக்கவில்லை. அவர் மனைவி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த மாதம் ஆறாம் தேதி விசாரணை. விஷம் விற்றவன் என்கிறார்கள். நாபிக் கிழங்கு விஷம்தான், யார் இல்லை என்றது? ஊறவைத்து, வேகவைத்து, காயவைத்து, முறையாகச் சுத்தி செய்தால் விஷம் முறிந்து மருந்தாகிறது. இரண்டு பேரும் ஒரே சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த பாடம், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே உள்ளவர்களுக்கு யார் சொல்வது?

நீ சொல்லலாம். ஐந்து நாடுகள் சேர்ந்து நம் மருந்துகளுக்குப் பொது விதி எழுதும் கூட்டுக்குழுவில் உறுப்பினர் நீ. 'இந்த மருந்தின் செய்முறை சரியானது' என்று உன் அலுவலகத்தாளில் ஒரு வரி போதும். இது நடக்காவிட்டால் எனக்குச் சிறைதான்.

பழக்கத்தில், நீ என்னைக் கூப்பிடும் பெயரிலேயே 'உன் சுட்டி' என்று எழுதிவிட்டு அடித்திருக்கிறேன். கண்டுகொள்ளாதே.

தம்பி

*

மார்ச் 9

தம்பிக்கு,

உன் கடிதத்தை வீட்டு முகவரிக்கு அனுப்பியிருந்தாய். நான் அதை அலுவலகத்துக்கு எடுத்துப்போய்க் கோப்பில் சேர்த்துவிட்டேன். இனி நீ எழுதுவதும் நான் எழுதுவதும் கோப்பில் இருக்கும். விசாரணையில் இருக்கும் ஒருவரோடு உறுப்பினர் ஒருவர் ரகசியமாகப் பேசினார் என்ற பேச்சு வரக்கூடாது. நீயும் 'அக்கா' என்று தொடங்காமல் பதவியைக் குறிப்பிட்டு எழுது.

நீ கேட்கும் வரியை நான் தர முடியாது. செய்முறை சரியா என்று இங்கே யாரும் கேட்கவில்லை. அந்த டப்பாவில் என்ன இருந்தது என்பதுதான் கேள்வி. அதனால் எனக்குச் சில விவரங்கள் தேவை. மாத்திரையின் பேட்ச் எண் என்ன? கிழங்கு யாரிடம் வாங்கியது? சுத்தி செய்தது நீயா, வேறு யாருமா? எந்த ஆய்வுக்கூடத்தில் சோதித்தாய்?

கடைசிக் கேள்விக்கு என்ன பதில் வரும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. அன்று நான் இதே கேள்வியைக் கேட்டபோது நீ ஒரு சிட்டிகைப் பொடியை நாக்கில் வைத்துத் துப்பிவிட்டு, "மரக்கல, சரியாத்தான் இருக்கு, போதுமா?" என்றாய். என்னோடு வந்த இரண்டு அதிகாரிகள் முன்னால் சொன்னாய். அதற்குப் பிறகு உன் கதவைப் பூட்டாமல் நான் எப்படி வந்திருப்பேன்?

டிரைவர் எப்படி இருக்கிறார்? அதை எழுது.

*

மார்ச் 14

மரியாதைக்குரிய கூட்டுக்குழு உறுப்பினர் அவர்களுக்கு,

கோப்பைப் படிக்கப்போகும் குமாஸ்தா ஐயாவுக்கும் வணக்கம். குடும்பச் சண்டை கொஞ்சம் கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிரைவர் கண் திறந்துவிட்டார். பேச்சு இன்னும் குழறுகிறது. என் மனைவிக்கு அந்த ஆஸ்பத்திரி வரவேற்பில்தான் வேலை என்பதால் அவர் மனைவிக்கு மாலை நேரங்களில் துணையாக இருக்கிறாள். இரண்டு பேரும் என்னைப் பற்றிப் பேசுவதில்லையாம்.

உறுப்பினர் அவர்கள் கேட்ட விவரங்களைத் தர மாட்டேன். பேட்ச் எண்ணையோ வியாபாரியின் பெயரையோ எழுத்தில் கொடுத்தால் நானே என் கழுத்தில் கயிறு மாட்டிக்கொள்வது மாதிரி என்று என் வக்கீல் சொல்கிறார். முதலில் உங்கள் வரி வரட்டும். பிறகு என் விவரம் வரும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். உங்கள் அறிக்கையில் 'நாக்கு ஆய்வுக்கூடம் ஆகாது' என்று ஒரு வாக்கியம் இருந்தது. அது பத்திரிகையில் வந்து, தெருவில் போகிறவன் எல்லாம் என்னைப் பார்த்து நாக்கை நீட்டினான். ஊரை விட்டு வந்ததே அதனால்தான். இங்கே வந்த நாள் முதல் எந்தக் கிழங்கையும் நாக்கில் வைத்ததில்லை. முத்திரை உள்ள காகிதம் இருந்தால் வாங்குவேன், இல்லாவிட்டால் வாங்க மாட்டேன். உங்கள் பேச்சைக் கேட்டவன் நான். கேட்டும் என் கதவில் அரக்கு தொங்குகிறது.

இப்படிக்கு,
தங்கள் கோப்பின் நாயகன்

*

மார்ச் 18

தம்பி,

கிண்டலை நிறுத்து. நேரமில்லை.

நேற்று நம் குழுவில் உள்ள இன்னொரு நாட்டிலிருந்து தகவல் வந்தது. ஒரு தையல்காரர், ஒரு பள்ளி ஆசிரியை. இருவருக்கும் உதடு மரத்து, நெஞ்சு தடுமாறி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். இருவரும் சாப்பிட்டது வலி மாத்திரை. அது உன்னுடையது இல்லை, வேறு ஒருவர் தயாரித்தது. ஆனால் இரண்டு மாத்திரையிலும் நாபி இருக்கிறது.

இது ஒரே கிழங்கு என்றால் இன்னும் எத்தனை பேர் வீட்டில் எத்தனை டப்பா இருக்கிறது என்று யோசி. வியாபாரி யார் என்று தெரியாமல் நான் எந்தக் கிழங்குப் பெட்டியை நிறுத்துவது? எந்த நாட்டுக்கு எச்சரிக்கை அனுப்புவது? அந்தத் தயாரிப்பாளரும் உன்னைப் போலவே வக்கீல் பேச்சைக் கேட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறார்.

நீ என்னிடம் கோபமாக இரு. ஆயுசுக்கும் இரு. வியாபாரியின் பெயரை மட்டும் எழுது.

*

மார்ச் 22

உறுப்பினர் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தைப் பற்றி வக்கீலுக்குத் தெரியாது.

பேட்ச் எண், வியாபாரியின் பெயர், கிடங்கு முகவரி எல்லாம் இணைத்திருக்கும் தாளில் இருக்கிறது. கையெழுத்தும் போட்டிருக்கிறேன். கிழங்கை வாங்கியபோது அதனுடன் வந்த சான்றிதழின் நகலும் இருக்கிறது. உங்கள் ஐந்து நாட்டு ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே சோதனை முறையில் நீங்கள் புழக்கத்துக்கு விட்டிருக்கிறீர்களே, ஐந்து மொழிகளில் அச்சடித்த அதே சான்றிதழ். அதில் நம் மொழி வரி 'சுத்தி செய்யப்பட்டது' என்கிறது. பக்கத்தில் கூட்டுக்குழுவின் முத்திரை. நான் அதை மட்டும் பார்த்தேன், பொடித்தேன், மாத்திரையாக்கினேன்.

உன் கடிதம் வந்ததும் வீட்டுச் சமையலறையைத் துழாவினேன். மாதிரிக்கு எடுத்துவந்த கிழங்குத் துண்டு ஒன்று டப்பாவில் கிடந்தது. இத்தனை நாள் அதைத் தொடவே பயம். மனைவி தடுக்கத் தடுக்க நாக்கு நுனியில் வைத்துத் துப்பினேன். மாலை வரை நாக்கு மரக்கட்டையாக இருந்தது. பச்சைக் கிழங்கு. எந்தக் கொப்பரையும் காணாத பச்சைக் கிழங்கு. ஆனால் எவ்வளவு சுத்தம் தெரியுமா? ஒரு மண் துகள் இல்லை, ஒரு வேர் நார் இல்லை.

அப்போதுதான் மனைவியிடம் சான்றிதழைக் காட்டி இந்த ஊர் மொழியில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். எனக்கு இந்த மொழி பேச வரும், படிக்கத் தடுமாற்றம். அவள் படித்துவிட்டு, "நல்லா கழுவி சுத்தம் பண்ணதுன்னு இருக்கு" என்றாள். வியாபாரியின் நாட்டு மொழியிலும் அதுவே என்று அவளுடன் வேலை செய்யும் பெண் சொன்னாளாம். அந்த ஆள் பொய் சொல்லவில்லை. அவன் மொழியில் என்ன கேட்டார்களோ அதைச் செய்தான், தொட்டியில் போட்டு நன்றாகக் கழுவினான். நான் என் மொழியில் என்ன இருந்ததோ அதை நம்பினேன்.

எட்டு நாளுக்கு முன்பே இதை எழுதியிருக்க வேண்டும். இப்போது உன் கையில் இருக்கிறது. எச்சரிக்கையை அனுப்பு.

*

மார்ச் 25

தம்பி,

உன் கடிதத்தைக் கோப்பில் சேர்க்கவில்லை. என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அந்தச் சான்றிதழின் ஐந்து மொழி வாசகமும் போன வருடம் என்னிடம்தான் சரிபார்க்க வந்தது. பிற மொழிகளில் இருந்ததை நம் மொழிக்குத் திருப்பி எழுதியும் கொடுத்திருந்தார்கள். 'சுத்தம் செய்யப்பட்டது' என்று இருந்தது. நான் படித்தேன். என் கண்ணுக்குச் சுத்தி என்றுதான் தெரிந்தது. உனக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும். நம் படிப்பைப் படிக்காத ஒருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால், சுத்தம் என்றால் என்ன, எதில் கழுவுவது என்று கேட்டிருப்பார். நான் கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் இரண்டாம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாகிறது. குழுவில் ஒரு நாடு எப்போது சாக்குக் கிடைக்கும், எப்போது வெளியேறலாம் என்று காத்திருக்கிறது. இதை இப்போது எடுத்தால் எல்லாம் கலைந்துவிடும். கலைந்தால் பழையபடி எவன் எதை அரைத்து எந்த எல்லையில் விற்றாலும் கேட்க ஆளில்லை. அதில் சாகிறவர்கள் கணக்கில்கூட வர மாட்டார்கள். நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்கிறேனா, உண்மையாகவே இதை நம்புகிறேனா என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் தேதி காலையில் முதல் வேலையாகத் திருத்தம் கொண்டுவருகிறேன். வியாபாரியின் நாட்டு அதிகாரியிடம் போனில் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறேன், பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அதுவரை நீயும் யாரிடமும் பேசாதே. ஒரு வாரம்தான்.

*

மார்ச் 28

உறுப்பினர் அவர்களுக்கு,

இன்று காலைப் பேப்பரில் ஒரு செய்தி. நீங்கள் பார்த்திருப்பீர்கள், இருந்தாலும் எழுதுகிறேன். அந்தத் தையல்காரர் ஆஸ்பத்திரியில் குணமாகி வீட்டுக்குப் போயிருக்கிறார். மறுபடி இடுப்பு வலி வந்திருக்கிறது. அலமாரியில் மிச்சமிருந்த மாத்திரையை எடுத்துச் சாப்பிட்டிருக்கிறார். மாத்திரையில்தான் கோளாறு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நேற்று இறந்துவிட்டார்.

வாய்மொழியாகச் சொன்னீர்களாமே. அன்று நான் வாய்மொழியாகச் சொன்னதை நீங்கள் ஏற்றுக்கொண்டீர்களா? என் கூடத்துக்குச் சீல் வைக்க உங்களுக்கு ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. தம்பி என்றுகூடப் பார்க்கவில்லை. அன்று என் வயிறு எரிந்தாலும், ஊருக்குள் என் அக்கா நேர்மையானவள் என்று யாராவது சொன்னால் நான் மறுத்துப் பேசியதில்லை. இப்போது என்ன சொல்வேன்?

ஆறாம் தேதி நானே சொல்லிவிடுவேன். குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் சொன்னால் யார் நம்புவார்கள், தப்பிக்கக் கதை கட்டுகிறான் என்பார்கள். நம்பாவிட்டாலும் சொல்வேன். பள்ளி ஆசிரியை வீட்டில் மிச்ச மாத்திரை இருக்கிறதா என்று யாராவது போய்ப் பார்த்தார்களா?

*

ஏப்ரல் 1

தம்பி,

நேற்று உன் கடிதம் வந்தது. இன்று காலை ஒப்பந்தத்துக்கு முந்தைய கடைசிக் கூட்டம். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நம் துறைமுகத்திலும் அதே வியாபாரியின் பெட்டி ஒன்று வந்து கிடந்தது. போன வாரமே எனக்குத் தெரியும். இன்று காலை அதிலிருந்து ஒரு துண்டை மாதிரியாக எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயம் என்று தலைவர் தடுத்தார். உன் கடிதங்களை எல்லாம் அவர் முன்னால் வைத்தேன், இழுப்பறையில் இருந்ததையும், அதற்கு நான் எழுதிய பதிலின் நகலையும் சேர்த்து.

நம் மொழியில்தான் பேசினேன். கண்ணாடி அறையில் இருந்தபடி மொழிபெயர்ப்பாளர் மற்ற மொழிகளில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல எல்லோர் முகத்திலும் குழப்பம். 'சுத்தி என்றால் சுத்தம் இல்லை' என்று நான் சொன்னதை அவர் 'சுத்தம் என்றால் சுத்தம் இல்லை' என்று சொல்லியிருக்கிறார். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். தலைவர் குறுக்கிட்டு ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கி, "உங்க தம்பிக்காகத்தானே இதை எடுக்கறீங்கன்னு கேக்கறார்" என்றார்.

துண்டை எடுத்து எல்லோருக்கும் காட்டினேன். எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள் என்றேன். பிறகு அதை நாக்கில் வைத்தேன்.

துப்பிவிட்டு வாய் கொப்பளித்தேன், பயப்படாதே. ஆனால் கொஞ்ச நேரத்தில் நாக்கு தடித்து, பேச்சு குழற ஆரம்பித்தது. நிறுத்தாமல் பேசினேன். மொழிபெயர்ப்பாளருக்கு நான் சொல்வது புரியவில்லை, அவர் மௌனமாகிவிட்டார். அந்த அறையில் அதன் பிறகு யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. மருத்துவரை வரவழைத்து ஆஸ்பத்திரியில் மதியம் வரை படுக்கவைத்திருந்தார்கள்.

எச்சரிக்கை ஐந்து நாடுகளுக்கும் போய்விட்டது. அந்த வியாபாரியின் பெட்டிகள் எல்லாம் நிறுத்தப்பட்டிருக்கின்றன. பள்ளி ஆசிரியை வீட்டுக்கு ஆள் போய் டப்பாவை எடுத்துவந்துவிட்டார்கள். ஒப்பந்தம் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. அந்த ஒரு நாடு வெளியேறுமா என்று இன்னும் தெரியவில்லை. என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள், விசாரணையும் உண்டு. அது நியாயம்தான்.

தையல்காரர் செத்தது உன் கடிதம் என் இழுப்பறையில் கிடந்தபோது.

உனக்காக நான் எதுவும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஆறாம் தேதி போய் உள்ளதைச் சொல். நாக்கைப் பற்றி என் அறிக்கையில் நான் எழுதிய அந்த வாக்கியத்தையும் சொல்.

*

ஏப்ரல் 9

அக்கா,

நீ இப்போது உறுப்பினர் இல்லை என்பதால் எப்படித் தொடங்குவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பழையபடியே எழுதிவிட்டேன்.

சிறை இல்லை. உரிமத்தை ஒரு வருடத்துக்கு நிறுத்திவைத்திருக்கிறார்கள். உங்கள் எச்சரிக்கையை விசாரணை அதிகாரி முதலிலேயே படித்திருந்தார். சான்றிதழை நம்பியதில் குற்றமில்லை என்று என் வக்கீல் அழகாக முடித்துவைத்தார். நான் எழுந்து அதைக் கெடுத்தேன். ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும், ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தாலும் தெரிந்திருக்கும், ரோஷத்தில் இரண்டையும் செய்யவில்லை என்றேன். வக்கீல் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. அவருக்கும் உனக்கும் நல்ல பொருத்தம்.

டிரைவர் வீடு திரும்பிவிட்டார். இனி பஸ் ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். மாடிப்படியில் பார்த்தேன். கைத்தடியோடு நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "முட்டி வலி மட்டும் போயிடுச்சு, தெரியுமா" என்றார். கிண்டலா, நிஜமா என்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டு இறங்கிவிட்டேன்.

குழு இனி அந்தச் சொல்லை மொழிபெயர்க்கப்போவதில்லை என்று இங்கே அதிகாரி சொன்னார். ஐந்து மொழியிலும் 'சுத்தி' என்றே எழுதி, கீழே விளக்கம் போடுவார்களாம். இந்த ஊர் நாக்கில் அந்தச் சொல் நிற்கவில்லை. அவர் 'சுட்டி' என்றார். யாரோ பின்னால் நின்று என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன்.

இன்னொரு விஷயம். தையல்காரரின் மனைவிக்கு எழுதலாமா என்று வக்கீலைக் கேட்டேன். கூடவே கூடாது என்றார். எழுதிவிட்டேன். கிழங்கு என்ன, அந்தச் சொல் என்ன, நான் எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. உன்னைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை, அது நீ எழுத வேண்டியது. அவர்கள் மொழி தெரிந்த ஒரு நர்ஸிடம் கொடுத்து மொழிபெயர்க்கச் சொன்னேன். பிறகு அதை வேறொருவரிடம் கொடுத்து, நம் மொழியில் எனக்கு ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். மூன்று இடத்தில் தப்பு இருந்தது, திருத்திவிட்டோம்.

அந்தக் கடிதம் இதனுடன் இருக்கிறது. என் கையெழுத்துக்குக் கீழே பாதிப் பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். எழுதிவிட்டு நீயே அனுப்பு.

இதையும் கோப்பில் சேர்த்துவிடு.

உன்
சுட்டி